அப்பா தட்டில் இறால்

நவம்பர் 29, சனி

அம்மா கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தனுப்பிய ரம் உருண்டைகளில் பாதி டப்பாவை இன்று மதியம் கார் ஷெட்டில் நின்றபடியே காலி செய்தேன். இன்னும் டிசம்பரே பிறக்கவில்லை. ஷெட்டில் இருக்கும் அந்த இரண்டாவது ஃப்ரிட்ஜ் பீருக்காகவும் விருந்து நாள் சாமான்களுக்காகவும் வாங்கியது. என் கணவன் க்ளென் போனதோடு பீரும் போயிற்று. இப்போது அது நான் ஒளிந்து தின்னும் இடம். பிஸ்கட் தூள், டின் பால், ரம், மேலே தேங்காய்த்துருவல். முதல் இரண்டு உருண்டைக்குத்தான் ருசி தெரிந்தது. மிச்சத்தை ஏதோ ஏற்றுக்கொண்ட வேலையை முடிப்பதுபோல முடித்தேன். கை பிசுபிசுத்தது, ஷார்ட்ஸில் துடைத்தேன். நாற்பத்தாறு வயது. சீ.

எதற்காகத் தின்றேன் என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. காலையில் என் மகன் ஆங்கஸ் சொன்னதற்காக. பத்தாம் வகுப்பு நேற்றோடு முடிந்தது. டோஸ்ட்டுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"அப்பா பெர்த்துக்கு வரச் சொல்றாரும்மா. பதினொண்ணு, பன்னெண்டு ரெண்டும் அங்கயே படிக்கலாமாம்."

"நீ என்ன சொன்ன?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல. கிறிஸ்துமஸ் எப்படிப் போகுதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்."

கிறிஸ்துமஸ் எப்படிப் போகுது என்றால் வானிலையைப் பற்றியா சொல்கிறான்? என்னைப் பற்றித்தான். போன வருஷம் விருந்து முடிந்து வந்து, மிச்ச ட்ரைஃபிள் இனிப்பைக் கிண்ணத்தோடு தூக்கிக்கொண்டு அவன் அறைக்குள் போய், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவன் அப்பா எங்களை விட்டுப் போன கதையை முதலிலிருந்து சொல்லி அழுதேன். கஸ்டர்டும் கண்ணீருமாக. கிண்ணம் காலியான பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. மறுநாள் பூராவும் பையன் வாசலில் நின்ற வண்டிக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கதவைத் தட்டினேன். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, "நான் உன் கைக்குட்டை இல்லம்மா" என்றான்.

இந்த வருஷம் அப்படி நடந்தால் அவன் மக்காயை விட்டு, நாட்டின் மறுகோடியில் இருக்கும் அப்பாவிடம் போய்விடுவான். அவ்வளவுதான் கணக்கு.

டிசம்பர் 1, திங்கள்

ட்ரூடி அக்கா குடும்பக் குழுவில் செய்தி போட்டுவிட்டாள், யார் யார் என்னென்ன செய்ய வேண்டும் என்று. அம்மா பன்றித்தொடை. அக்கா சாலட். அவள் கணவர் நெவ் இறால். நான் வழக்கம்போல ட்ரைஃபிள். கடைசியில் எழுதியிருந்தாள்: "அப்பா இல்லாத எட்டாவது கிறிஸ்துமஸ். டிஷ்யூ பெட்டி நான் கொண்டு வர்றேன்."

செத்துப்போன எங்கள் அப்பாவுக்காக அழ ஒரு டிஷ்யூ பெட்டி, அதையும் சாமான் பட்டியலில் போடுகிறாள். படித்ததும் தொண்டை அடைத்தது. அடைத்ததோடு நில்லாமல், இன்னும் அடைக்கட்டும் என்று இன்னொரு முறை படித்தேன்.

டிசம்பர் 3, புதன்

பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை என்னுடையது. டிசம்பர் வந்தால் நோயாளிகள் சாக்லேட் பெட்டியோடுதான் வருகிறார்கள். சொத்தைப் பல்லை அடைத்துவிட்டதற்கு நன்றியாம். மேசைக்கடியில் ஐந்தாறு பெட்டி சேர்ந்துவிட்டது. உள்ளே டாக்டருக்கு உதவி செய்யும் லோசா எட்டிப் பார்த்தாள். அவள் சமோவா தீவுக்காரி, மனதில் பட்டதை அப்படியே சொல்வாள்.

"நரேல், இது நோயாளிங்க குடுத்ததா, இல்ல நீ நோயாளி ஆகணும்னு குடுத்ததா?"

"ஒண்ணே ஒண்ணுதான் எடுத்தேன்."

"ஒரு பெட்டியா?"

சிரித்தேன். அவள் போனதும் இன்னொன்று எடுத்தேன். அவள் கேலி செய்தது வலித்ததாம், அதற்கு மருந்தாம். என் மூளை எனக்கே வக்கீல் வைத்து வாதாடுகிறது. கேட்கவே குமட்டுகிறது.

டிசம்பர் 8, திங்கள்

காத்திருப்போர் மேசையில் கிடந்த பத்திரிகையில் ஒரு பக்கம்: பண்டிகைக் காலத்தில் மனக்கவலைக்குத் தின்பதை நிறுத்துவது எப்படி? வெந்நீர்த் தொட்டியில் மெழுகுவர்த்தி ஏற்றிவைத்துக் குளிக்க வேண்டுமாம். வெளியே முப்பத்து நான்கு டிகிரி, புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டுகிறது, வெந்நீராம். எழுதினவள் எந்த ஊர்க்காரி?

அடுத்த யோசனை: ஃப்ரிட்ஜைத் திறக்கும் முன் உங்களையே கேளுங்கள், இது பசியா, துக்கமா? வீட்டுக்கு வந்து கேட்டேன். இரண்டும்தான் என்று பதில் வந்தது. திறந்தேன்.

டிசம்பர் 12, வெள்ளி

இன்று கண்டுபிடித்ததை எழுதிவிட வேண்டும். நாளைக்கு எனக்கே சாதகமாக மாற்றிக்கொள்வேன்.

கடையில் டின் பீச் பழம் எடுக்கப் போனேன். மேலே ஏதோ பனி விழுகிற பாட்டு. இந்த ஊரில் பனியைப் பார்த்தவர் யார்? ஆனாலும் அந்தப் பாட்டு வந்தால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும். க்ளென், கைக்குழந்தையாக ஆங்கஸ், பழைய வீடு, அந்த வருஷத்து மரம், எல்லாம் வரிசையாக வரும். வந்தது. டின்களுக்கு நடுவே தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாட்டு முடிந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அடுத்த வரிசைக்குப் போகாமல், அதே மாதிரி இன்னொன்று போடுவானா என்று அங்கேயே காத்திருந்தேன்.

காத்திருந்தேன்! அழுகைக்காக! ஓசியில் ருசி பார்க்கக் கேக் துண்டு வைத்திருக்கும் தட்டுக்கு முன்னால் இரண்டாவது முறை போய் நிற்கிறவளைப்போல.

அப்படியானால் இது சாப்பாட்டு விஷயமே இல்லை. அழுகையும் எனக்குத் தீனிதான். ரம் உருண்டையை எப்படி விழுங்குகிறேனோ அப்படித்தான் துக்கத்தையும் விழுங்குகிறேன். பசிக்காக இல்லை, அது இருக்கிறது என்பதற்காக. துக்கம் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து மூடிபோட்டு எடுத்துவைத்திருக்கிறேன். பையனுக்கும் அதிலிருந்துதான் ஊட்டியிருக்கிறேன், வேண்டாம் வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டவனுக்கு.

என்மேல் எனக்கே வாந்தி வருகிறது.

டிசம்பர் 14, ஞாயிறு

சாயங்காலம் ஆங்கஸ் தானாகவே கேட்டான்: "லைட்டு பாக்கப் போலாமாம்மா?"

இந்த மாதத்தில் ஊரே விளக்குப் போட்ட வீடுகளைப் பார்க்கக் காரில் சுற்றும். நானும் வருஷா வருஷம் போவேன். ஆனால் விளக்குப் பார்க்க இல்லை. சுற்றிச் சுற்றி, முன்பு நாங்கள் மூன்று பேரும் இருந்த வீட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்துவேன். ஒரு பெரிய சிப்ஸ் பொட்டலம். "இந்த வராந்தாவுலதான் உங்கப்பா..." என்று ஆரம்பிப்பேன். பின்சீட்டில் பையன். முதல் வருஷம் அவனுக்குப் பதின்மூன்று. சிப்ஸைக்கூட அவன் கேட்டதில்லை.

இன்று அந்தத் தெருமுனை வந்தது. ஆங்கஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான், தோள் இறுகியது தெரிந்தது. நான் நேராகப் போனேன். கால் மணி நேரம் தெருத்தெருவாகச் சுற்றினோம். பிறகு ஒரு வீட்டுக் கூரையில், நீச்சல் உடுப்பில் கிறிஸ்துமஸ் தாத்தா பொம்மை, காற்று போய்க் குப்புறக் கிடந்தது.

"நெவ் பெரியப்பா மாதிரியே இல்ல?" என்றான்.

இருவரும் சிரித்தோம். ஒரு தெருவைத் தாண்டிப் போனதற்கு எனக்கு நானே பதக்கம் குத்திக்கொள்ளப் போவதில்லை. ஆனாலும் குறித்துவைக்கிறேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

எழுதவே பிடிக்கவில்லை.

க்ளென் கூப்பிட்டான். சுரங்கத்தில் இரண்டு வாரம் வேலை, ஒரு வாரம் வீடு. வீட்டு வாரம் போல. பையனுக்கு விமானச் சீட்டு போட வேண்டுமானால் சீக்கிரம் சொல் என்றான், ஏதோ ஸ்கூட்டரைக் கொரியரில் அனுப்பச் சொல்கிறவன் மாதிரி. பின்னாலிருந்து அவன் கூட இருக்கிற டோனாவின் குரல்: "ஆங்கஸுக்கு எந்தக் கலர் போர்வை பிடிக்கும்னு கேளுங்க." நீலம் என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். போனை வைத்தேன்.

பிறகு கிறிஸ்துமஸுக்கு முன் ஒத்திகையாகச் செய்து வைத்திருந்த ட்ரைஃபிள். கேக், ஜெல்லி, கஸ்டர்டு, க்ரீம், அடுக்கடுக்காக ஒரு பெரிய கண்ணாடிக் கிண்ணம். கரண்டி தேடக்கூடப் பொறுமை இல்லை, பரிமாறும் அகப்பையால். ஒரு கையால் கண்ணைத் துடைப்பது, ஒரு கையால் அள்ளுவது. நீலப் போர்வை நீலப் போர்வை என்று சொல்லிச் சொல்லி. அடிவரைக்கும். பிறகு துணி துவைக்கும் அறைத் தொட்டிக்கு ஓடினேன், போட்டதெல்லாம் திரும்பி வந்தது. ஜெல்லி அப்படியே சிவப்பாக.

நிமிர்ந்தபோது ஆங்கஸ் வாசலில் நின்றான். பார்த்தான். கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

டிசம்பர் 17, புதன்

மெதுவாகத்தான் சாத்தினான். அறைந்து சாத்தியிருந்தால் தேவலை.

டிசம்பர் 20, சனி

பன்றித்தொடையை வாங்கி அம்மா வீட்டில் இறக்கினேன். அது காய்ந்துபோகாமல் இருக்க, துணிப்பையை வினிகர்த் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து அதற்குள் போட்டோம். அம்மா ஒரு குழந்தையைப் படுக்கவைப்பதுபோல அதை ஃப்ரிட்ஜுக்குள் வைத்தாள். மாமரத்தில் பழவௌவால்கள் சண்டை. கீழே அழுகிய மாம்பழ நாற்றம்.

"அப்பா தட்டு ஞாபகம் இருக்குல்ல நரேல்?" என்றாள்.

மறக்க விட்டால்தானே. அப்பா இறந்த வருஷம் அவர் நாற்காலியைக் காலியாக விட்டு, விருந்தில் எல்லாரும் போடுகிற காகிதத் தொப்பி ஒன்றை மாட்டி, முன்னால் ஒரு கிளாஸ் பீர் வைத்தோம். அவ்வளவுதான். அது நன்றாகவே இருந்தது. அடுத்த வருஷம் அம்மா ஒரு துண்டு புட்டிங் வைத்தாள். அப்புறம் பன்றித்தொடை வந்தது, வான்கோழி வந்தது, உருளைக்கிழங்கு, இறால், இறைச்சிச் சாறு. இப்போது அது முழுப் படையல். அம்மா ஆரம்பிப்பாள், ஒவ்வொருவராக அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், சொல்லி அழ வேண்டும். அழாவிட்டால் அக்கா டிஷ்யூ பெட்டியை உன் பக்கம் நகர்த்துவாள். அழுது முடித்ததும், வீணாக்கக் கூடாது என்று அந்தத் தட்டு என்னிடம் வரும். என் தட்டு காலியான பிறகு அப்பாவின் தட்டு. ஆறு வருஷமாகச் செத்துப்போன மனிதரின் சாப்பாட்டை நான்தான் தின்கிறேன்.

"இந்த வருஷம் வேற யாராவது சாப்பிடட்டுமேம்மா."

"வேற யாரு? நீதான் அவருக்குச் செல்லம். நீ சாப்பிட்டா அவரே சாப்பிட்ட மாதிரி."

இதைச் சொல்லும்போதே அம்மாவுக்குக் கண் நிறைந்தது. எனக்கும் நிறையப் பார்த்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு மாம்பழம் பொறுக்கப் போய்விட்டேன்.

டிசம்பர் 23, செவ்வாய்

லோசாவிடம் அப்பா தட்டைப் பற்றிச் சொன்னேன். அவர்கள் வீட்டில் செத்தவர்களுக்காகப் பாடுவார்களாம், ஊரையே கூட்டிச் சோறு போடுவார்களாம்.

"ஆனா செத்தவரு சாப்பாட்ட ஒருத்தி தலையில கட்ட மாட்டோம்பா" என்றாள். "உங்க ஆளுங்க வினோதம்தான்."

மிச்சச் சாக்லேட் பெட்டிகளை அவளிடமே கொடுத்துவிட்டேன். தேவாலயத்துப் பிள்ளைகளுக்காம். அவள் காரில் ஏற்றும்வரை ஜன்னலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கேவலம்.

டிசம்பர் 24, புதன்

ட்ரைஃபிள் ஒன்றுதான் செய்தேன். எப்போதும் இரண்டு செய்வேன், ஒன்று விருந்துக்கு, ஒன்று எனக்கு. ஆங்கஸ் சமையலறைக்கு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டுப் போனான். சோதனை போடுகிறான். நல்லது, போடட்டும்.

டிசம்பர் 25, வியாழன்

கையெழுத்து கோணுகிறது. பரவாயில்லை.

அம்மா வீட்டுக் கார் கொட்டகையில்தான் விருந்து. இரண்டு மின்விசிறி, இரண்டும் சூட்டைத்தான் சுற்றிவிட்டன. மேசையில் அம்மா, ட்ரூடி அக்கா, நெவ், ஆங்கஸ், நான். எல்லார் தலையிலும் காகிதத் தொப்பி, சாயம் வியர்வையில் நெற்றியில் இறங்குகிறது. அப்பாவின் நாற்காலிக்கும் தொப்பி. அவர் தட்டு கோபுரமாக நின்றது. அடியில் பன்றித்தொடை, மேலே வான்கோழி, சாறு, உச்சியில் மீசையோடு இறால்கள். ஒரு ஈ இறாலின் கண்ணைச் சுற்றி வந்தது.

சாப்பிட்டோம். நான் பசிக்குச் சாப்பிட்டேன், என் தட்டில் ஒன்றும் மிச்சமில்லை. அதோடு போதும் என்று இருந்தது. பிறகு அம்மா கரண்டியால் கிளாஸைத் தட்டினாள்.

"மெர்வ் இருந்திருந்தா..." என்று அப்பா பெயரைச் சொல்லித் தொடங்கினாள்.

அவ்வளவுதான், அக்கா பொலபொலவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். அம்மா இன்னும் ஒன்றும் சொல்லவே இல்லை. நெவ் மூக்கை உறிஞ்சினார், அவருக்கு நாலாவது பீர். அக்கா சொன்னாள், போன வருஷம் சொன்ன அதே கதை, அப்பா அவளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. அழுதுகொண்டே இன்னொரு உருளைக்கிழங்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மென்றுகொண்டே அழுதாள். அதைப் பார்த்தேன். எனக்கு மேலெல்லாம் கூசியது. ஏனென்றால் அது நான்தான். கட்டில் ஓரத்தில் கிண்ணத்தோடு உட்கார்ந்த நான் வெளியிலிருந்து பார்த்தால் இப்படித்தான் இருந்திருப்பேன். வாய் நிறைய உருளைக்கிழங்கு, கன்னத்தில் கண்ணீர், கண்ணில் ஒரு திருப்தி. ஆமாம், திருப்தி! அப்பாவைப் பற்றிய நினைப்பு அதில் எள்ளளவும் இல்லை.

ஆங்கஸ் தலையைக் குனிந்து, காகிதத் தொப்பியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தான்.

"இப்ப நரேல்" என்றாள் அம்மா. தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"நான் சாப்பிடலம்மா."

"கொஞ்சம் பொறுத்து சாப்பிடு. மொதல்ல அப்பாவப் பத்திச் சொல்லு."

"சொல்றேன். அப்பாவுக்கு இறால் ஆகாது."

அக்கா கையிலிருந்த டிஷ்யூவைக் கீழே வைத்தாள்.

"என்னடி சொல்ற?" என்றாள் அக்கா.

"இறால் தின்னா அவருக்கு முகம் வீங்கிடும். நீயே பாத்திருக்க. ட்ரூடி, உன் கல்யாணத்துல சாஸுல கலந்திருந்ததைத் தின்னுட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோமே, ஞாபகம் இல்லையா? அந்த மனுஷன் தட்டுல ஒவ்வொரு வருஷமும் இறால் வைக்கிறோம். நானும் ஒவ்வொரு வருஷமும் தின்னுட்டு அழுதேன். ஒருத்தருக்குமே தோணல."

நெவ் முதலில் ஒரு மாதிரி இருமினார். பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது. "ஐயையோ, மாமனாரக் கொல்லப் பாத்திருக்கோம்" என்றார். ஆங்கஸும் சிரித்துவிட்டான், கையால் வாயை மூடிக்கொண்டான்.

அம்மா சிரிக்கவில்லை. முகம் சிவந்து எழுந்தாள். "உனக்கு நெஞ்சு இருக்கவேண்டிய எடத்துல கல்லுதான் இருக்கு. அப்பா செத்ததுகூட உனக்குக் கேலியா?" உள்ளே போய்ப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"சந்தோஷமா?" என்றாள் அக்கா. "கிறிஸ்துமஸ் அன்னிக்கு அம்மாவ அழ வச்சிட்ட."

"வருஷா வருஷம் அழறாங்க. இந்த வருஷம் புதுக் காரணம்."

சொன்னதும் எனக்கே சுருக்கென்றது. அவ்வளவு கடுமை வேண்டாமோ? அதற்கு ஆறுதலாக என் கை என்ன செய்தது தெரியுமா, தானாகவே அப்பா தட்டை நோக்கிப் போயிற்று! ஒரு துண்டு இறைச்சியைப் பிடித்தும்விட்டது. கீழே போட்டேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, எல்லாவற்றையும் செய்தித்தாளில் சுருட்டிக் கட்டினேன். இந்த வெயிலில் இறாலைக் குப்பைத் தொட்டியில் போட்டால் தெருவே நாறும். எல்லா வீட்டிலும் செய்கிற மாதிரி, குப்பை வண்டி வரும் நாள்வரைக்கும் அம்மாவின் ஃப்ரீசருக்குள் வைத்தேன்.

எட்டு வருஷத் துக்கம் இப்போது உறைந்த பட்டாணிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் ஆங்கஸ் அறை வாசலில் நின்று, "நல்லா தூங்கு" என்று மட்டும் சொன்னேன். உள்ளே போகவில்லை. கால் போகப் பார்த்தது.

டிசம்பர் 26, வெள்ளி

ஆங்கஸ் வண்டிக்குள் போய் உட்காரவில்லை. சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்தான். விக்கெட் விழுந்தால் "பாத்தியா" என்று என் முழங்கையை இடித்தான்.

ஜெயித்துவிட்டேன், தங்கிவிடுவான் என்று மனசு குதிக்கிறது. பல் பிடுங்கும்போது அழாமல் இருந்ததற்கு ஸ்டிக்கர் கேட்கிற குழந்தை மாதிரி இருக்கிறேன்.

டிசம்பர் 27, சனி

அம்மா கூப்பிட்டாள். திட்டத்தான் போகிறாள் என்று எடுத்தேன். திட்டவில்லை, கேட்டாள்.

"உங்கப்பா கிறிஸ்துமஸ் அன்னிக்கு என்னதான் சாப்பிடுவாரு நரேல்? ரெண்டு நாளா யோசிக்கிறேன், ஞாபகமே வரல."

எனக்கும் வரவில்லை. எனக்கும் தெரியலம்மா என்றேன். எப்போதும்போல இருவரும் சேர்ந்து ஒரு மணி நேரம் அழுதிருக்கலாம். அழவில்லை. அவள் அழுகையை இழுக்கிற சத்தம் கேட்டது. நான் கயிற்றின் மறுமுனையைப் பிடிக்கவில்லை, அது தானாகவே நின்றது. பிறகு, வௌவால் எல்லா மாம்பழத்தையும் நாசமாக்கிவிட்டது என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

இவ்வளவு அழுதும் அந்த மனிதர் என்ன சாப்பிட்டார் என்பதுகூட எங்களிடம் மிஞ்சவில்லை. எங்கள் துக்கம் அவரையே தின்றுவிட்டதோ? இதை எழுதும்போதுதான் எனக்கு நிஜமாக வலிக்கிறது. இது வேறு மாதிரி வலி. இதற்கு ஃப்ரிட்ஜுக்குள் ஒன்றும் இல்லை.

டிசம்பர் 30, செவ்வாய்

குப்பை வண்டி வந்து போனது. அம்மா தானே அந்தப் பொட்டலத்தை எடுத்துப் போட்டாளாம், அக்கா சொன்னாள். அக்கா இன்னும் என்னோடு முறைப்புதான்.

டிசம்பர் 31, புதன்

ஆங்கஸ் சொல்லிவிட்டான். போகிறானாம்.

வாசலில், வண்டிக்குப் பக்கத்தில் நின்று சொன்னான். கையில் சாவி, ஒரு கால் ஏற்கெனவே உள்ளே. நான் ஆரம்பித்தால் போன வருஷம்போல உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொள்ளத் தயாராக. அந்தக் காலைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிந்தது. பதினாறு வயதுப் பையன் தன் அம்மாவிடம் ஒரு விஷயம் சொல்ல, தப்பிக்கும் வழியையும் பார்த்துவைத்துக்கொண்டு நிற்கிறான்.

"அங்க கடல் படிப்பு இருக்குற ஸ்கூல் ஒண்ணு இருக்கும்மா. படகு ஓட்டக் கத்துக்குடுப்பாங்க. உன்னால இல்ல. நிஜமா. இந்தக் கிறிஸ்துமஸ் நல்லா இருந்துச்சு."

நல்லா இருந்துச்சு! பின்னே ஏன்டா போற என்று கத்தத் தோன்றியது. இத்தனை நாள் வாயைக் கட்டி, கண்ணைக் கட்டி, அம்மாவையும் பகைத்துக்கொண்டு... எதுக்குடா? இதுக்கா? எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். இந்த மாதத்தில் நான் விழுங்கியதிலேயே கஷ்டமானது அதுதான்.

"எப்பக் கிளம்பணும்?" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தபடி நின்றான். மெதுவாக அந்தக் காலை வெளியே எடுத்து வைத்தான்.

"பதினேழாம் தேதி."

"போர்வை அங்க இருக்காம். நீலம். ஷூ பத்தலன்னா இங்கயே வாங்கிடலாம்."

அவன் கடலுக்குப் போய்விட்டான், நண்பர்களோடு. நான் ஷெட்டுக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். குளிர் முகத்தில் அடித்தது. மூடினேன். அப்புறமும் இரண்டு முறை போய்த் திறந்தேன்.

ஜனவரி 1, வியாழன்

பத்து மணிக்கு ஒரு பை செர்ரிப் பழம் முழுவதையும் தின்றேன். அழாமல், உட்கார்ந்து, தட்டில் கொட்டையைத் துப்பித் துப்பி. ருசி கடைசிவரைக்கும் தெரிந்தது. வயிறு மட்டும் கடாமுடா என்கிறது.

ஜனவரி 17, சனி

மக்காய் விமான நிலையம் சின்னது, ஒளிந்து அழ ஒரு மூலை கிடையாது. அம்மா ரம் உருண்டை டப்பாவோடு வந்திருந்தாள். பையனைக் கண்டதும் ஓவென்று ஆரம்பித்தாள். "என் ராசா, பாட்டிய விட்டுட்டுப் போறியே, நான் இருக்கேனோ இல்லையோ..." வரிசையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அவள் வாயைப் பொத்த வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. ஆங்கஸின் தோள் இறுகியது, அந்தப் பழைய இறுக்கம். அம்மாவின் முழங்கையைப் பிடித்து, "டப்பாவ அவன் பையில வைம்மா, மூடி லூசா இருக்கு" என்றேன். மூடியைச் சரிபார்ப்பதில் அழுகை பாதியில் நின்றது.

அவனை ஒரு முறைதான் கட்டிக்கொண்டேன். நான்தான் முதலில் விட்டேன்.

கார் நிறுத்துமிடத்தில் ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள். யாரும் யாரையும் பார்க்கவைத்து அழவில்லை. வேண்டிய அளவுக்கு வந்தது, நின்றது. அம்மா மூக்கைச் சிந்திவிட்டு, "கிளம்பு, ஏசியப் போடு, வேகுது" என்றாள்.

ஜனவரி 27, செவ்வாய்

அவன் அனுப்பும் செய்திகள்: "சரி." "சாப்பிட்டேன்." "ம்." நானாகக் கூப்பிடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். கூப்பிட்டால் அவன் அறை எப்படி என்று துருவுவேன், டோனாவைப் பற்றிக் கேட்பேன், குரல் உடையும், உடைந்ததை அவன் ஒட்டவைக்க வேண்டும். இன்று மேசையிலிருந்த போனை எடுத்து எடுத்து வைத்ததைப் பார்த்து லோசா சொன்னாள்: "அது என்ன, புதுசா அடுத்த சாக்லேட்டா?"

அவளை ஒருநாள் அடிக்கத்தான் போகிறேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

மூன்று மணி போல, பெர்த்தில் அப்போது ஒரு மணி, ஆங்கஸ் கூப்பிட்டான். அவனாக. வீடியோ இல்லாமல்.

எப்படி இருக்கே என்றேன். நல்லா இருக்கேன் என்றான். படகு? நல்லா இருக்கு. அப்பா? சுரங்கத்துல இருக்காரு, அடுத்த வாரம் வருவாரு. பின்னால் ஒரு நாய் குரைக்கும் சத்தம், அவர்கள் வீட்டு நாயாக இருக்கும்.

பிறகுதான் விஷயம் வந்தது: பள்ளியில் யாரும் அவனோடு உட்காருவதில்லையாம். ஒரு வாரமாக மதியச் சாப்பாட்டைக் கழிப்பறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே தின்கிறானாம். டோனா நல்லவள்தான், ஆனால் அவளிடம் சொல்ல முடியவில்லையாம். சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினான்.

"ம்மா."

"சொல்லு."

"கொஞ்ச நேரம் அழுதுக்கட்டுமா?"

ஒன்பது வயதில் கை ஒடிந்தபோது அழுதான். அதற்குப் பிறகு என் முன்னால் அவன் அழுததே இல்லை. எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

"அழுடா" என்றேன்.

அழுதான். ஆண்பிள்ளைக் குரல், உடைந்து உடைந்து, விக்கலோடு. பாவம், கண்ணே, திரும்பி வந்துவிடு, எதையும் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவன் முடிக்கும்வரை போனைக் காதில் வைத்திருந்தேன்.

மூக்கைச் சிந்தினான். "சரி, இப்ப பரவாயில்ல. டோனா சாப்பிடக் கூப்பிடுறாங்க" என்றான். வைக்கப் போனவன், "அடுத்த ஞாயித்துக்கிழமை நீ வீட்டுல இருப்பியா?" என்று கேட்டான்.

இருப்பேன் என்றேன்.